பட்டியலின் மேலே ஒரு பெயர்

ரகு இன்னும் கால் மணி நேரத்தில் என் அப்பாவைத் தன் அப்பா என்று சொல்லப்போகிறான். சந்தேகமே இல்லை. போன வியாழக்கிழமை ஒத்திகையிலேயே சொல்லிவிட்டான். நான்காவது ஸ்லைடில் சொல்வான், சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், துடைத்துவிட்டு மாட்டாமல் கையிலேயே வைத்திருப்பான். கண் கலங்கியவன் கண்ணாடியை உடனே மாட்டமாட்டான் என்று எவனோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மணி இரண்டு ஐம்பது. ஏழாவது மாடி, நீள மேசை, சமோசாத் தட்டு, ஏசிக் குளிர். ஏசியை யாரும் குறைக்கமாட்டார்கள், ரகு கோட்டு போட்டிருக்கிறான், கோட்டு போட்டவன் வியர்க்காமல் இருக்க மற்ற எல்லோரும் நடுங்கவேண்டும், அதுதான் இந்த ஆபீஸின் நியாயம். மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து மேகலா மேடம் வருகிறார். எங்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவர். அவர் தலையாட்டினால் புதிய வைஃபை பட்டியல் எல்லாப் போனுக்கும் போகும், ரகு ஒரு படி மேலே ஏறுவான். நாங்கள் போனுக்குள் ஓடுகிற மென்பொருளைச் செய்கிறவர்கள். வைஃபை என்று தொட்டதும் அக்கம்பக்கத்துப் பெயர்களெல்லாம் வரிசையாக வருமே, அந்தப் பட்டியல் எங்கள் குழுவின் தலையில் விழுந்தது. "அமுதா, டெமோ போன் ரெடியா?" என்கிறான், திரும்பிப் பார்க்காமல். "ரெடி, ரகு," என்கிறேன். எப்போதும் ரெடிதான். எட்டு மாதமாக அவன் கை நீட்டுவதற்கு முன்னால் பொருளை வைத்துவிடும் பழக்கம் எனக்கு. அந்தக் கையை ஒடிக்க வேண்டும்.

ஒடிப்பது என்றால் எப்படி. எழுந்து கத்தலாம். கத்தினால் அமுதவல்லி துக்கத்தில் இருக்கிறாள், பாவம், லீவு கொடுங்கள் என்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுபாஷினி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளுகிறாள். அவளுக்குத் தெரியும். இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும், ரகுவின் அப்பா மோகனரங்கம் ரிட்டையரான வங்கி மேலாளர், தினமும் காலையில் ஷட்டில் ஆடுகிறார், மகனுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பும் குறுஞ்செய்தியை ரகுவே எங்களுக்குக் காட்டியிருக்கிறான். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. மார்ச் மாதம் சம்பள உயர்வுப் பட்டியலை ரகுதான் எழுதுகிறான். அவன் கழுத்தில் அடையாள அட்டை நேராகத் தொங்குகிறது, ரகுநந்தன் மோகனரங்கம். என்னுடையது எப்போதும் போலப் புரண்டு முதுகைக் காட்டுகிறது. சேர்ந்த அன்று மனிதவளத்துறைப் பெண் குடும்பப் பெயர் கேட்டாள், எங்களுக்கு அப்படி ஒன்று இல்லைங்க, சி என்று இனிஷியல்தான் என்றேன், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றாள், சரி அப்பா பெயரையே போடுங்க என்றேன். இங்கே பாதிப் பேர் இப்படித்தான் அப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறோம். அமுதவல்லி சிங்காரவேலு. அப்பாவிடம் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியபோது, "ஏம்மா, வேலை கிடைச்சது உனக்கா எனக்கா?" என்று கேட்டார், அன்று முழுக்க பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும் என்று விசில் ஊதிச் சொல்கிற வேலை. நேரம் என்றால் நேரம்தான், ஒரு நிமிடம் பொறுக்கமாட்டார், கண்டக்டர்கள் அவரைக் கண்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். ஆனால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. யாராவது படியில் கால் வைத்துக்கொண்டிருந்தால் விசில் வாயிலேயே நிற்கும். "ஏறுறவன் கால் வெக்கும்போது வண்டிய எடுக்காதய்யா," என்று டிரைவரைப் பார்த்துக் கத்துவார். "அவன் கண்ணு படியில இருக்கு, வண்டி நகந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?" இதைத்தான் ரகு ஸ்லைடில் போட்டிருக்கிறான். பெரிய எழுத்தில், நடுவில், கீழே ஒரு பேருந்துப் படி ஓவியத்தோடு. வங்கி மேலாளருக்கு எங்கே ஐயா பஸ் படி. அவர் காரில் போனவர். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது தெரியவேண்டாம், அப்பா சொன்னார் என்று ஒருவன் கண்ணாடியைக் கழற்றினால் போதும், பத்துப் பேர் சமோசாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

குளிர் காலில் ஏறுகிறது. அந்த ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் குளிர், கீழ்த்தளம், இதய அறுவைக்கு முன்னால் படுக்கவைக்கும் அறை, போன் சிக்னல் அங்கே இறங்காது. காலை பதினொன்றே கால். அம்மா வெளியே நாற்காலியில். அப்பா கையில் போன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் என்னை வீடியோவில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார், நர்ஸ் ஒரு சீட்டில் விருந்தினர் வைஃபையின் பாஸ்வேர்டை எழுதிக்கொடுத்திருக்கிறாள். பட்டியலில் பதினேழு பெயர். விருந்தினர் ஒன்று, விருந்தினர் இரண்டு, மருந்தகம், கேண்டீன், டாக்டர்கள் அறை, யார் யாருடைய போனோ. அப்பா சரியான பெயரைத் தேடிப் பிடித்து விரலைக் கொண்டுபோயிருக்கிறார். விரல் இறங்குவதற்குள் பட்டியல் தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொண்டது. எந்த சிக்னல் வலுவோ அது மேலே, நாலு விநாடிக்கு ஒருமுறை. விரல் மருந்தகத்தின் மேல் விழுந்தது. பாஸ்வேர்டு தவறு. மறுபடி. கேண்டீன். தவறு. மறுபடி. இதெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. காரியம் முடிந்த பிறகு அவர் போனைக் கணினியில் மாட்டி, உள்ளே அது எழுதிவைத்திருந்த பதிவை எடுத்துப் படித்தேன், என் தொழில் அது. பதினான்கு முயற்சி. இருபத்திரண்டு நிமிடம். பாஸ்வேர்டில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை, பதினான்கு முறையும் சரியாக, முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, நேரக் குறிப்பு எழுதுகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் வேறு பெயரில். பதினொன்று முப்பத்தேழுக்குப் பிறகு பதிவில் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை அப்படி எழுதியது யாரோ. வலுவான சிக்னல் மேலே வந்தால் நல்லதுதானே என்று நினைத்த யாரோ. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், விரல் எங்கே வரும் என்று பார்க்கமாட்டோம். யாரோ. சரி, யாரோ.

லீவு முடிந்து வந்த அன்று கேண்டீனில் ரகு என் எதிரே வந்து உட்கார்ந்தான். நான் அந்தப் பதிவை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது, அதை அவனிடம் காட்டினேன், இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள். ரகு வரிவரியாகப் படித்தான். கண் கலங்கினான், அது நிஜம், அன்று கண்ணாடியைக் கழற்றவில்லை. "இத நாம ஒரு ப்ராஜெக்டா பண்ணலாம் அமுதா, உங்கப்பாவுக்காக," என்றான். நான் அழுதேன். எட்டு மாதம் சனி ஞாயிறு பார்க்கவில்லை. பட்டியலைத் திறந்துவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பெயரும் இடம் மாறக்கூடாது, புதிதாக வருவது கடைசியில்தான் சேரவேண்டும். அடிக்கடி இணைந்த பெயர் மேலே, பெரிய எழுத்தில். அறிமுகமில்லாத பெயர்களெல்லாம் மற்றவை என்ற ஒரே வரிக்குள் மடங்கிக் கிடக்கவேண்டும். எழுபது வயதுக்காரர்கள் நாற்பது பேரை உட்காரவைத்து, விரல் நடுங்குகிறவர்களாகத் தேடித் தேடி, சோதித்தேன். நாற்பதில் முப்பத்தொன்பது பேர் முதல் தடவையே சரியாகத் தொட்டார்கள். போன வியாழன் ஒத்திகையில் ஸ்லைடு வந்தது. ஒரு மகனின் கதை என்று தலைப்பு. மகனாம். கூட்டம் முடிந்து தனியாகப் பிடித்துக் கேட்டேன், "ரகு, அது எங்கப்பாதானே?" அவன் சிரிக்காமல் சொன்னான், "ஸ்டோரி ஒருத்தர் சொன்னாதான் நிக்கும் அமுதா. நீ பேசினா உடைஞ்சிடுவ. உனக்காகத்தான் நான் சொல்றேன்." என் தோளைத் தட்டினான். அந்த இடத்தை அன்று வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

கதவு திறக்கிறது. மேகலா மேடம், பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, திருநெல்வேலிக்காரர், உட்கார்ந்ததும் சமோசாவை எடுத்துக்கொண்டு, "ஆரம்பிங்க, நாலரைக்கு எனக்கு ஃப்ளைட்டுக்குக் கெளம்பணும்," என்கிறார். விளக்கை அணைக்கிறார்கள். புரொஜெக்டர் உறுமுகிறது. முதல் ஸ்லைடு. ஐந்து நாளாக நான் யோசித்து வைத்திருந்தது இதுதான், என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதற்கு ஒரு பெயர் வைப்பது. டெமோ போனில் பட்டியலைத் திறந்ததும் சுவரளவு திரையில் அந்தப் பெயரும் வரும். பெயருக்கு முப்பத்திரண்டு இடம்தான் உண்டு, ஆங்கிலம் என்றால் முப்பத்திரண்டு எழுத்து, தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியே மூன்று இடம் போய்விடும், பத்துக்கு மேல் தேறாது. இரண்டு நாள் பஸ்ஸில் வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். ரகு திருடன். கணக்குப் போட்டால் முப்பத்தொன்று. ஓர் இடம் மிச்சம், ஆச்சரியக்குறி போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதும் கடவுளே எடுத்துக்கொடுத்த மாதிரி பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். நேற்று ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அறிமுகமில்லாத பெயர் எல்லாம் மற்றவைக்குள் மடங்கிவிடுமே. யார் செய்த ஏற்பாடு? நான் செய்த ஏற்பாடு. நாற்பது கிழவர் கிழவிகளை வைத்துச் சோதித்து இழைத்து இழைத்துச் செய்த ஏற்பாடு, என் பழியையே மூடி வைத்துவிட்டது. பழைய பட்டியலாக இருந்தால் பல்லை இளித்துக்கொண்டு உச்சியில் நிற்கும். வேலையை இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

இரண்டாவது ஸ்லைடு. மடியில் பை, பைக்குள் அப்பாவின் போன். அதை அணைக்க மனம் வராமல் தினமும் சார்ஜ் போடுகிறேன். டெமோ போனில் சோதனை செய்யும்போதெல்லாம் இதன் ஹாட்ஸ்பாட்டோடுதான் இணைத்தேன், முந்நூறு தடவைக்கு மேல், ஆபீஸ் வைஃபையைவிட அதிகம். அடிக்கடி இணைந்த பெயர் மேலே. இதை இப்போது போட்டுவிட்டால் உச்சியில் அப்பா வருவார், பெரிய எழுத்தில். அவர் பெயரைத் தமிழில் எழுதினால் முப்பத்து மூன்று, ஓர் இடம் அதிகம், அதனால் ஆங்கில எழுத்தில், சிங்காரவேலு டி.கே. வாங்கிய அன்று அவரே வைத்தது, டைம் கீப்பர் என்பதைப் பட்டம் மாதிரிப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார், கல்யாணப் பத்திரிகையில்கூட. ஆனால் ரகு பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் போடவேண்டும். திறந்துவிட்டால் முடிந்தது, அப்புறம் வருகிறவருக்குக் கடைசி இடம், அதுவும் நான் எழுதிய விதி. பழைய போன், ஹாட்ஸ்பாட் எழுந்திருக்க அரை நிமிடம் ஆகும். மூன்றாவது ஸ்லைடு. போடு. போடேன். கட்டைவிரல் கண்ணாடிமேல் நிற்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து சண்டைக்கு நிறுத்துவதா. அவர் இருந்தால், விடும்மா, அவன் பொழைச்சிட்டுப் போறான் என்பார். விடமாட்டேன். அவன் என்னிடமிருந்து எதை எடுத்தான், எல்லாவற்றையும் எடுத்தான், இல்லை, எல்லாவற்றையும் எடுக்கவில்லை. இங்கேதான் ஐந்து நாளாக வந்து வந்து முட்டி நிற்கிறேன். அந்த யாரோ. ஆறு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் வருஷம், வலுவான சிக்னல் மேலே வரட்டும், நாலு விநாடிக்கு ஒருமுறை அடுக்கட்டும் என்று எழுதியவள் நான். அதற்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அப்பா அதை டிவிமேல் வைத்திருந்தார். கால் வைக்கும்போது வண்டியை எடுத்தவள் நான்தான். ரகு கதையை எடுத்துக்கொண்டான், கண்ணீரை எடுத்துக்கொண்டான், இதை மட்டும் எனக்கே விட்டுவைத்தான். திருடனுக்குத் தெரியும் எந்தச் சாமானுக்கு விலை இல்லை என்று.

நான்காவது ஸ்லைடு. கண்ணாடியைக் கழற்றுகிறான். "மேடம், இது என் சொந்தக் கதை. எங்கப்பா," என்கிறான், நிறுத்துகிறான், துடைக்கிறான். "ஒரு ஆஸ்பத்திரில. கடைசியா ஒருதடவை என்கூடப் பேசணும்னு நெனச்சார்." என் பதினான்கு முயற்சி. என் இருபத்திரண்டு நிமிடம். பாஸ்வேர்டில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை என்கிறான், என் வாக்கியம் அது, கேண்டீனில் நான் சொன்ன அதே வார்த்தைகள். மேகலா மேடம் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். சுபாஷினி மேசையைப் பார்க்கிறாள். "எங்கப்பா அடிக்கடி சொல்வார், ஏறுறவன் கால் வைக்கும்போது வண்டிய எடுக்கக்கூடாதுன்னு." கட்டைவிரல் இறங்கியது. நான் இறக்கவில்லை, அது இறங்கியது, அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம், நான்தான் இறக்கினேன். பைக்குள் சின்ன வெளிச்சம். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொரு சதவீதம் சார்ஜ். எழுந்திரு அப்பா. ரகு டெமோ போனை எடுக்கிறான். பத்து, பதினொன்று. "இப்ப நேரா காட்டிடறேன் மேடம்." இன்னும் பேசு ரகு, வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்கிறேன், இன்னும் கொஞ்சம் பேசு. பேசுகிறான், அவனால் பேசாமல் இருக்க முடியாது, வயதானவர்கள், கருணை, மனிதநேயம். இருபத்தெட்டு. முப்பது. பைக்குள் போன் விழித்துக்கொண்டது. ரகு பட்டியலைத் திறந்தான்.

சுவர் முழுக்க அப்பா. சிங்காரவேலு டி.கே. கீழே சின்னதாக ஆபீஸ் வைஃபை, அதற்குக் கீழே மடங்கிய மற்றவை. ரகு இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. "பாருங்க மேடம், அடிக்கடி இணைஞ்சது மேல வரும், அசையாது."

"அசையல," என்றார் மேகலா மேடம். "யாரு ரகு அது, சிங்காரவேலு?"

திரும்பினான். அவன் முதுகைத்தான் பார்த்தேன், கோட்டின் தோள் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அரை விநாடி. பிறகு தழுதழுத்த குரலிலேயே, "அப்பா மேடம்," என்றான். "அவரோட போன். ஞாபகமா வெச்சிருக்கேன்."

பெயரையும் எடுத்துக்கொண்டான். இவ்வளவு தூரம் வருவான் என்று நான் கணக்குப் போடவில்லை.

மேகலா மேடம் அவன் கழுத்தைப் பார்த்தார். "உங்க அட்டையில மோகனரங்கம்னுல்லா போட்டிருக்கு?"

"அது... ரெக்கார்டுல உள்ள பேரு மேடம். சிங்காரவேலு வீட்ல கூப்பிடுறது."

"சரி. டி.கே.ன்னா?"

ரகு இப்போது என்னைப் பார்த்தான். எட்டு மாதப் பழக்கம், கை நீட்டினால் பொருள் வரும், அந்தப் பார்வை. கண்ணாடி இல்லாத கண்ணில் நான் எப்படித் தெரிந்தேனோ. கழுத்தில் புரண்டு கிடந்த அட்டையைப் பிடித்து நேராகத் திருப்பி, மேடம் படிக்கிற மாதிரி மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"டைம் கீப்பர் மேடம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல முப்பத்தொரு வருஷம். எங்கப்பா."

மேகலா மேடம் அட்டையைப் படித்தார், திரையைப் படித்தார், ரகுவைப் படிக்கவே இல்லை. "நீங்க உக்காருங்க ரகு," என்றார். அந்த மூன்று வார்த்தைக்காக ஐந்து நாள் பசியோடு இருந்திருக்கிறேன், இனித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு அவர் என்னிடம் கேட்டார், "அப்போ அந்தப் பழைய லிஸ்ட். அத இப்படி எழுதுனது யாரும்மா?"

"அது பழைய டீம் மேடம்," என்றான் ரகு, உட்கார்ந்தபடியே, இன்னும் எதையோ பிடித்துக்கொள்ள முடியும் என்கிற மாதிரி.

"நான்தான் மேடம் எழுதினேன்," என்றேன்.

சுபாஷினி என் கையைப் பிடித்தாள். அது என் கைதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேகலா மேடம் எழுந்து வந்தார், ரகு மேசையில் வைத்திருந்த டெமோ போனை எடுத்தார், அறுபதை நெருங்கிய விரலை நீட்டி அப்பாவின் பெயர்மேல் மெதுவாகக் கொண்டுபோனார். தானாக இணைகிற வசதியை அதில் நான்தான் அணைத்துவைத்திருந்தேன், யாராவது தொட்டால்தான் உண்டு. பெயர் அங்கேயே நின்றது. விரல் இறங்கியது. என் மடியில் அப்பாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது, ஒருவர் இணைந்திருக்கிறார் என்று காட்டியது.